லீடில் இருக்கும் கஸ்டம் ஃபீல்டுகள் ஆப்பர்ச்சூனிட்டிக்குப் போக மாட்டேன் என்கின்றன. எப்படி நகலெடுப்பது?

நொய்யல்கரை · திங்கள், காலை 10:20

வணக்கம். கோவையில் பம்பு, மோட்டார் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் சேல்ஸ்ஃபோர்ஸ் (வாடிக்கையாளர், விற்பனை விவரங்களைப் பராமரிக்கும் சிஆர்எம் மென்பொருள்) அட்மினாக இருக்கிறேன். எண்டர்பிரைஸ் எடிஷன். எங்கள் லீட் (விசாரித்து வந்தவர்) ஆப்ஜெக்டில், அதாவது அட்டவணையில், நாற்பது சொச்சம் கஸ்டம் ஃபீல்டு (நம் தேவைக்கு நாமே சேர்க்கும் கட்டம்) இருக்கிறது. போர் (ஆழ்துளைக் கிணறு) ஆழம், தண்ணீர் மட்டம், எத்தனை ஹெச்பி, சிங்கிள் ஃபேஸா த்ரீ ஃபேஸா, தோட்டம் எந்த ஊர், டீலர் கோடு, ஜிஎஸ்டி எண் என்று நீளும். எல்லாம் எனக்கு முன்னால் இருந்த கன்சல்டன்ட் போட்டு வைத்தது.

லீடை கன்வர்ட் செய்தால் அக்கவுண்ட் (நிறுவனம்), காண்டாக்ட் (ஆள்), ஆப்பர்ச்சூனிட்டி (நடக்கவிருக்கும் விற்பனை) மூன்றும் உருவாகின்றன. பெயர், போன், மின்னஞ்சல் ஒழுங்காக வருகிறது. கஸ்டம் ஃபீல்டு ஒன்றுகூட வரவில்லை. கொட்டேஷன் போடுகிற ஆள் விவசாயிக்கு மறுபடி போன் போட்டு "போர் எத்தனை அடிங்க?" என்று கேட்கிறார். அவரோ "போன வாரம்தானே சொன்னேன்" என்று எரிந்து விழுகிறார்.

ஆப்பர்ச்சூனிட்டியில் இந்த ஃபீல்டுகளே கிடையாது. நாற்பதையும் கையால் மறுபடி உருவாக்க வேண்டுமா, இல்லை அப்படியே காப்பி அடிக்க வழி இருக்கிறதா? அப்புறம், ஏற்கனவே கன்வர்ட் ஆகிவிட்ட பழைய லீடுகளுக்குள் கிடக்கும் தகவலை எப்படி வெளியே எடுப்பது?


செமிகோலன் · திங்கள், காலை 11:05

ஃபீல்டை நகலெடுப்பது ஒரு வேலை. ஃபீல்டுக்குள் இருக்கும் தகவலை நகலெடுப்பது வேறு வேலை. நான் முதலாவதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

செட்டப் திரையில் அதற்குப் பொத்தான் எதுவும் இல்லை. மெட்டாடேட்டா (ஃபீல்டுகளின் அமைப்பு விவரம்) வழியாகப் போனால் சுலபம். விஎஸ் கோடில் ஒரு ப்ராஜெக்ட் திறந்து லீட் ஆப்ஜெக்டை இறக்குங்கள். ஒவ்வொரு கஸ்டம் ஃபீல்டும் தனி எக்ஸ்எம்எல் ஃபைலாக, லீட் ஃபோல்டருக்குள் ஃபீல்ட்ஸ் என்ற உள்ஃபோல்டரில் வந்து உட்காரும். வேண்டியதை எடுத்து ஆப்பர்ச்சூனிட்டியின் ஃபீல்ட்ஸ் ஃபோல்டரில் ஒட்டி, சாண்ட்பாக்ஸுக்கு (சோதனைக்கான நகல் அமைப்பு) டிப்ளாய் செய்தால், அதாவது ஏற்றினால், ஆயிற்று. ஏபிஐ பெயர், நீளம், தசம இடம், ஹெல்ப் டெக்ஸ்ட் எல்லாம் அச்சு அசலாக வந்துவிடும். இரண்டு பக்கமும் ஒரே ஏபிஐ பெயர் இருந்தால் பின்னால் ஃப்ளோ (தானாக ஓடும் வேலை வரிசை) எழுதும்போதும் கண்ணைக் கட்டாது.

கண்மூடித்தனமாக எல்லாவற்றையும் அள்ளாதீர்கள். ஃபார்முலா ஃபீல்டுகள் லீடின் மற்ற ஃபீல்டுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவை, அவை அங்கே உடையும். லுக்கப் (வேறு ரெக்கார்டைச் சுட்டும் ஃபீல்டு) என்றால் ரிலேஷன்ஷிப் பெயரை மாற்ற வேண்டியிருக்கும். ஹிஸ்டரி ட்ராக்கிங் (மாற்றங்களைப் பதிவு செய்வது) போட்ட ஃபீல்டுகள் நிறைய இருந்தால் இன்னொரு தொல்லை, ஓர் ஆப்ஜெக்டுக்கு 20 ஃபீல்டுதான் ட்ராக் செய்யலாம். அந்த டேகை முன்கூட்டியே ஃபால்ஸ் ஆக்கிவிடுங்கள்.

முக்கியமானது: இப்படி டிப்ளாய் செய்த ஃபீல்டு, பெர்மிஷன் கொடுக்கும் வரை யார் கண்ணிலும் படாது. பெர்மிஷன் செட்டையும் கூடவே சேர்த்து அனுப்புங்கள்.


பழைய_அட்மின் · திங்கள், பிற்பகல் 12:40

செமிகோலன் சொன்னது எல்லாம் சரி. ஆனால் அதைச் செய்வதற்கு முன்னால் கொஞ்சம் நில்லுங்கள் தம்பி. நாற்பதையும் ஆப்பர்ச்சூனிட்டிக்குக் கொண்டுபோவது எதற்கு?

ஒவ்வொரு ஃபீல்டையும் எடுத்து வைத்துக்கொண்டு "இது யாருடைய தகவல்?" என்று கேளுங்கள். ஜிஎஸ்டி எண் கம்பெனியுடையது, அது அக்கவுண்டில் இருக்க வேண்டும். பேச விரும்பும் நேரம், வாட்ஸ்அப் எண் எல்லாம் ஆளுடையது, காண்டாக்ட். போர் ஆழமும் ஃபேஸும் இந்த ஒரு விற்பனையுடையது, அது மட்டும்தான் ஆப்பர்ச்சூனிட்டி. "விளம்பரம் எங்கே பார்த்தார்", "முதல் அழைப்பு யார் எடுத்தது" மாதிரியானவை லீடோடு முடிந்துபோனவை. அவை எங்கும் போக வேண்டாம்.

இடத்தைப் பற்றிக் கவலை இல்லை, எண்டர்பிரைஸில் ஓர் ஆப்ஜெக்டுக்கு 500 கஸ்டம் ஃபீல்டு வரை போடலாம். திரையைப் பார்க்கும் சேல்ஸ் ஆளைப் பற்றித்தான் கவலை. நாற்பது ஃபீல்டு இருக்கிற பக்கத்தை ஒருவரும் நிரப்ப மாட்டார்கள்.

பிரித்து முடித்ததும் மேப்பிங் சின்ன வேலை. ஆப்ஜெக்ட் மேனேஜர், லீட், ஃபீல்ட்ஸ் அண்ட் ரிலேஷன்ஷிப்ஸ், அங்கே மேப் லீட் ஃபீல்ட்ஸ் என்ற பொத்தான். அக்கவுண்ட், காண்டாக்ட், ஆப்பர்ச்சூனிட்டி என மூன்று டேப் வரும். இடப்பக்கம் லீட் ஃபீல்டு, வலப்பக்கம் அது போய்ச்சேர வேண்டிய ஃபீல்டு. சேமித்த பிறகு நடக்கும் கன்வர்ஷனுக்குத்தான் இது பொருந்தும். பழையதற்கு வேறு வழி பார்க்க வேண்டும், அதை லோடர் அக்கா வந்து சொல்லட்டும்.


நொய்யல்கரை · திங்கள், பிற்பகல் 3:15

நன்றி அண்ணா. உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் லீடோடு நின்றுவிடலாம் என்று தெரிகிறது.

ஒரு சிக்கல். போர் ஆழம் லீடில் டெக்ஸ்ட் ஃபீல்டு. உள்ளே 650, 650 அடி, 650', "ஆறுநூத்தம்பது", "600-700 இருக்கும்" என்று எல்லா ரகமும் கிடக்கிறது. ஆப்பர்ச்சூனிட்டியில் நம்பராக வைத்தால்தான் பம்பு செலக்‌ஷன் கணக்குப் போட முடியும். லீட் ஃபீல்டின் டைப்பையே நம்பராக மாற்றிவிடலாமா?

இன்னொன்று. சில விவசாயிகளுக்கு ஒரே தோட்டத்தில் இரண்டு மூன்று போர் இருக்கிறது. ஆழமும் வேறு வேறு. அதற்கு என்ன செய்வது?


பழைய_அட்மின் · திங்கள், பிற்பகல் 4:02

டைப்பில் கை வைக்காதீர்கள்! வேறு எந்த டைப்பிலிருந்து நம்பருக்கு மாற்றினாலும் உள்ளே இருப்பது அழிந்துபோகும். லீடில் புதிதாக "போர் ஆழம் (அடி)" என்று ஒரு நம்பர் ஃபீல்டு போடுங்கள். பழையதை எக்ஸ்போர்ட் செய்து, எக்செலில் சுத்தம் செய்து, புதியதில் ஏற்றுங்கள். "600-700 இருக்கும்" மாதிரியானதை நீங்களே முடிவு செய்ய வேண்டாம், காலியாக விட்டுவிட்டுப் பழைய ஃபீல்டை அருகிலேயே ரீட் ஒன்லியாக வையுங்கள். அப்புறம் 20க்குக் குறைவாகவோ 2000க்கு மேலோ போட்டால் தடுக்கும் வேலிடேஷன் ரூல் ஒன்று.

மேப்பிங்குக்கு டைப் பொருந்த வேண்டும். டெக்ஸ்டிலிருந்து நம்பருக்குப் போகாது. நம்பருக்கு நம்பர் என்றாலும் நீளமும் தசம இடமும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும். டெக்ஸ்டில், போய்ச்சேரும் ஃபீல்டு அதே நீளமோ கூடுதலோ இருக்க வேண்டும். டெக்ஸ்ட் ஏரியாவை லாங் டெக்ஸ்ட் ஏரியாவுக்கு அனுப்பலாம், ஆட்டோ நம்பரை டெக்ஸ்டுக்கு அனுப்பலாம். பிக்லிஸ்டை (பட்டியலில் இருந்து தேர்ந்தெடுக்கும் ஃபீல்டு) டெக்ஸ்டுக்கும் அனுப்பலாம், ஆனால் அங்கே நீளம் பற்றாவிட்டால் வால் வெட்டுப்படும்.

பிக்லிஸ்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. உங்கள் ஃபேஸ் ஃபீல்டு பிக்லிஸ்டாக இருந்தால், லீடில் ஒரு பட்டியல், ஆப்பர்ச்சூனிட்டியில் வேறொரு பட்டியல் என்று வைக்காதீர்கள். ஒரு இடத்தில் "3 ஃபேஸ்", இன்னோர் இடத்தில் "த்ரீ ஃபேஸ்" என்று இருந்தால் ரிப்போர்ட்டில் இரண்டும் இரண்டு வரிசையாக நிற்கும். லீட் பிக்லிஸ்டை குளோபல் வேல்யூ செட்டாக (பல ஃபீல்டுகள் பகிரும் பொதுப் பட்டியல்) ப்ரமோட் செய்துவிட்டு, ஆப்பர்ச்சூனிட்டி ஃபீல்டும் அதே செட்டைப் பார்க்கும்படி செய்யுங்கள். ரெஸ்ட்ரிக்டட் என்ற டிக்கையும் போடுங்கள்.

பல போர் விஷயம்: கன்வர்ஷன் மேப்பிங் அந்த மூன்று ஆப்ஜெக்டுக்கு மட்டும்தான். "போர்" என்று ஒரு கஸ்டம் ஆப்ஜெக்ட் வைத்து அக்கவுண்டோடு இணைப்பது முறை. அதை மேப்பிங் உருவாக்கித் தராது, ஃப்ளோ எழுத வேண்டும். இரண்டு போர்க்காரர்கள் கொஞ்சம் பேர்தான் என்றால் போருக்கு ஒரு ஆப்பர்ச்சூனிட்டி என்று இப்போதைக்கு ஓட்டுங்கள். ஆழத்தை அக்கவுண்டில் மட்டும் வைத்துவிடாதீர்கள், இரண்டாவது போருக்கு வரும்போது முதலாவதன் ஆழம் போய்விடும்.


கணக்குப்பிள்ளை · திங்கள், மாலை 6:30

நான் சாஃப்ட்வேர் ஆள் இல்லை, பில் போடுகிற பக்கத்து ஆள். ஜிஎஸ்டி எண்ணை அக்கவுண்டில் வையுங்கள் என்று சும்மா சொல்லிவிட்டீர்கள். அதில் ஒரு விஷயம் இருக்கிறது.

ஜிஎஸ்டி எண் 15 எழுத்து. முதல் இரண்டு மாநிலக் கோடு, தமிழ்நாட்டுக்கு 33, கேரளாவுக்கு 32, கர்நாடகாவுக்கு 29. அடுத்த பத்து பான் எண். ஒரு டீலருக்குப் பொள்ளாச்சியிலும் பாலக்காட்டிலும் கடை இருந்தால் பான் ஒன்று, ஜிஎஸ்டி எண் இரண்டு. ஒரு அக்கவுண்டில் ஒரு எண் மட்டும் வைத்திருந்தால் பாலக்காட்டுக்குப் போகிற சரக்குக்கும் 33 என்று பில் அடிப்பீர்கள். கிளைக்கு ஒரு அக்கவுண்ட், மேலே தாய் அக்கவுண்ட் என்று பிரித்து வைக்கச் சொல்லுங்கள்.

ஃபீல்டு நீளத்தைச் சரியாக 15 வைத்தால் பாதித் தப்பு அங்கேயே நிற்கும்.


பழைய_அட்மின் · திங்கள், மாலை 7:10

15 என்பது அக்கவுண்டில் சரி, ஆனால் லீடில் அந்த ஃபீல்டு 255 ஆக இருந்தால் மேப்பிங்கில் இடிக்கும். லீடிலும் 15 ஆக்குங்கள். அதற்கு முன்னால் இடைவெளி, ஹைபன் போட்டு எழுதி வைத்திருப்பதைச் சுத்தம் செய்யுங்கள்.

இன்னொன்று. ஆப்பர்ச்சூனிட்டித் திரையில் ஜிஎஸ்டி எண் தெரிய வேண்டும் என்று சேல்ஸ் டீம் கேட்கும். கேட்டதும் அங்கேயும் ஒரு ஃபீல்டு போட்டு நகலெடுத்துவிடாதீர்கள். அக்கவுண்டைப் பார்க்கும் ஃபார்முலா ஃபீல்டு ஒன்று போதும். அங்கே மாறினால் இங்கேயும் மாறும். நகல் எடுத்த அன்றைக்கே இரண்டு உண்மை ஆகிவிடும், எது சரி என்று கண்டுபிடிக்க ஒரு ஆளைப் போட வேண்டியிருக்கும். நகலெடுக்காமல் இருக்க முடிந்தால் நகலெடுக்காதீர்கள் என்பதுதான் என் கட்சி.


கணக்குப்பிள்ளை · திங்கள், இரவு 8:45

இதை ஒப்புக்கொள்ள மாட்டேன் சார். எல்லாவற்றையும் ஃபார்முலா ஆக்கினால் எங்கள் கதி என்ன? போன வருடம் ஒரு முகவரிக்கு டெலிவரி ஆகியிருக்கிறது. இந்த வருடம் டீலர் கடையை மாற்றிவிட்டார். அக்கவுண்டில் முகவரியை மாற்றியதும் போன வருட ஆர்டரைத் திறந்தால் புது முகவரி தெரிகிறது. ஆடிட்டர் கேட்டால் என்ன சொல்வது? கிரயப் பத்திரத்தில் எழுதிய முகவரி, எழுதிக்கொடுத்தவர் வீடு மாறினால் கூடவே மாறுமா?


பழைய_அட்மின் · திங்கள், இரவு 9:20

நியாயமான அடி. என் கட்சியைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன்.

நடந்து முடிந்ததைச் சொல்கிற ஃபீல்டு என்றால் நகலெடுங்கள், எடுத்த பிறகு பூட்டுங்கள். ஆர்டரின் டெலிவரி முகவரி, அன்றைய விலை, அன்றைய டீலர் தள்ளுபடி, பில்லில் போன ஜிஎஸ்டி எண் எல்லாம் இந்த ரகம். இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று சொல்கிற ஃபீல்டு என்றால் ஃபார்முலா. டீலரின் கிரெடிட் லிமிட், எந்த ஏரியா மேனேஜருக்குக் கீழே வருகிறார், வாடிக்கையாளர் தரம் எல்லாம் அந்த ரகம்.

ஒரே தகவல் இரண்டு ரகமாகவும் வரும். ஓப்பன் ஆப்பர்ச்சூனிட்டியில் ஜிஎஸ்டி எண் ஃபார்முலாவாகத் தெரியட்டும், ஆர்டர் உருவாகும் கணத்தில் ஆர்டரில் நகல் விழட்டும். இதை ரெக்கார்டு ட்ரிகர்டு ஃப்ளோவில் செய்யுங்கள். ஆர்டர் உருவாகும்போது ஓடும் பிஃபோர் சேவ் (சேமிக்கும் முன் ஓடும்) ஃப்ளோ போதும், அக்கவுண்டிலிருந்து மதிப்பை எடுத்து அதே ஆர்டர் ரெக்கார்டில் வைப்பதுதானே வேலை. வேறு ரெக்கார்டில் எழுத வேண்டுமென்றால்தான் ஆஃப்டர் சேவ். பழைய ஒர்க்ஃப்ளோ ரூலிலும் ப்ராசஸ் பில்டரிலும் இதைச் செய்து வைத்திருந்தால் ஃப்ளோவுக்கு மாற்றிவிடுங்கள், அந்த இரண்டுக்கும் ஆதரவு 2025 டிசம்பர் 31 வரைதான் என்று சேல்ஸ்ஃபோர்ஸ் அறிவித்தது.


நொய்யல்கரை · செவ்வாய், காலை 9:50

கணக்குப்பிள்ளை சார், நீங்கள் சொன்ன கிளை விஷயம் எங்களிடம் நிஜமாகவே இருக்கிறது. அக்கவுண்ட்டைப் பிரிக்கும் வேலையைத் தனியாக எடுத்துக்கொள்கிறேன்.

சாண்ட்பாக்ஸில் மேப்பிங் போட்டுப் பார்த்தேன். புது லீட் என்றால் அருமையாக வருகிறது. ஆனால் ஏற்கனவே இருக்கும் டீலர் அக்கவுண்டோடு சேர்த்து கன்வர்ட் செய்தால் லீடில் இருக்கும் புது ஜிஎஸ்டி எண் அக்கவுண்டில் ஏற மாட்டேன் என்கிறது. பழைய எண்ணே நிற்கிறது. மேப்பிங் சரியாகத்தான் இருக்கிறது. நான்கு முறை பார்த்துவிட்டேன்.


செமிகோலன் · செவ்வாய், காலை 10:15

அது அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஏற்கனவே இருக்கும் அக்கவுண்டிலோ காண்டாக்டிலோ சேர்க்கும்போது காலியாக இருக்கும் ஃபீல்டு மட்டும்தான் நிரம்பும். இருப்பதன் மேல் எழுதாது.

எழுத வைக்க வேண்டுமா என்பதே கேள்வி. லீடில் தட்டச்சு செய்தவர் வெப் ஃபார்மில் வந்த யாரோ. அக்கவுண்டில் இருப்பதை உங்கள் கணக்குப் பிரிவு சரிபார்த்திருக்கும். நான் ஒரு ஃப்ளோ வைத்திருக்கிறேன்: லீட் கன்வர்ட் ஆனதும் இரண்டு எண்ணையும் ஒப்பிடும், வேறாக இருந்தால் அக்கவுண்ட் ஓனருக்கு ஒரு டாஸ்க் போடும். இரண்டு எண்ணும் டாஸ்கிலேயே எழுதியிருக்கும். அவர் பார்த்து முடிவு செய்வார்.

இதற்கு லீட் செட்டிங்ஸில் ரிக்வயர் வேலிடேஷன் ஃபார் கன்வர்ட்டட் லீட்ஸ் என்ற டிக் போட்டிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் கன்வர்ட் செய்யும் நேரத்தில் லீடின் வேலிடேஷன் ரூல், ட்ரிகர் எதுவும் எட்டிப்பார்க்காது. டிக் போட்டதும் இதுவரை தூங்கிக்கொண்டிருந்த ரூல்கள் எல்லாம் எழுந்து கன்வர்ஷனை மறிக்கலாம், அதனால் சாண்ட்பாக்ஸில் முதலில்.


நள்ளிரவு_லோடர் · செவ்வாய், இரவு 11:30

என் பெயர் அடிபட்டதால் வந்தேன். பழைய லீடுகளுக்கு வருவோம்.

கன்வர்ட் ஆன லீட் எங்கும் போய்விடவில்லை. திரையில் எளிதில் கிடைக்காதே தவிர டேட்டாபேஸில் பத்திரமாக இருக்கிறது. டேட்டா லோடரில் (தகவலை மொத்தமாக இறக்கவும் ஏற்றவும் உதவும் கருவி) லீடைத் தேர்ந்தெடுத்து, கன்வர்ட்டட் என்பது ட்ரூ என்று வடிகட்டி எக்ஸ்போர்ட் செய்யுங்கள். கூடவே கன்வர்ட்டட் ஆப்பர்ச்சூனிட்டி ஐடி, கன்வர்ட்டட் அக்கவுண்ட் ஐடி, கன்வர்ட்டட் காண்டாக்ட் ஐடி மூன்றையும் எடுங்கள். இந்த மூன்று காலம் (நெடுவரிசை) தான் உங்களுக்குப் புதையல். ஒவ்வொரு லீடும் எந்த ரெக்கார்டாக மாறியது என்பது அதிலேயே எழுதியிருக்கிறது. பெயரையும் போன் நம்பரையும் வைத்துத் தேடிப் பொருத்தும் வேலையே வேண்டாம். கன்வர்ட்டட் ஆப்பர்ச்சூனிட்டி ஐடி காலத்தை ஐடி என்று மேப் செய்து, மற்றதை அந்தந்த ஃபீல்டுக்கு மேப் செய்து, ஆப்பர்ச்சூனிட்டியில் அப்டேட் கொடுத்தால் போதும்.

ஆனால் அப்படியே ஏற்றாதீர்கள். ஆப்பர்ச்சூனிட்டியையும் தனியாக எக்ஸ்போர்ட் செய்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொட்டேஷன் ஆள் மறுபடி போன் போட்டுக் கேட்டு எங்காவது, பெரும்பாலும் டிஸ்கிரிப்ஷனில், ஆழத்தை எழுதி வைத்திருப்பார். லீட் வந்த பிறகு போரை இன்னும் ஆழப்படுத்தியிருக்கவும் கூடும். அப்போது லீடில் இருப்பது பழைய எண். பொருந்தாத வரிசைகளைத் தனி ஷீட்டில் போட்டு சேல்ஸ் டீமிடம் கொடுங்கள்.

இப்படி இரண்டு ஷீட்டைப் பொருத்தும்போது ஒரு பொறி இருக்கிறது. ரிப்போர்ட்டில் இருந்து எடுத்த ஐடி 15 எழுத்து, டேட்டா லோடர் கொடுக்கும் ஐடி 18 எழுத்து. 15 எழுத்து ஐடியில் பெரிய ஏ வேறு, சின்ன ஏ வேறு. எக்செலில் தேடிப் பொருத்தும் விலுக்கப் ஃபார்முலாவுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. இரண்டு ஐடி எழுத்தளவில் ஒன்றாகவும் பெரிய, சின்ன எழுத்தில் மட்டும் வேறாகவும் இருந்தால் முதலில் கிடைப்பதை எடுத்துக் கொடுத்துவிடும், தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லாது. ஒரு விவசாயியின் ஆழம் இன்னொருவரின் கொட்டேஷனில் ஏறும். இரண்டு பக்கமும் டேட்டா லோடரில் இருந்தே எடுங்கள். ரிப்போர்ட்தான் வேண்டும் என்றால் கேஸ்சேஃப் ஐடி (18 எழுத்து ஐடி தரும்) ஃபார்முலா ஃபீல்டு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

டீலர் கோடு 0042 என்றால் எக்செல் அதை 42 ஆக்கும். சிஎஸ்வியை இரண்டு முறை சொடுக்கித் திறக்காமல், டேட்டா டேப் வழியாக இம்போர்ட் செய்து அந்தக் காலத்தை டெக்ஸ்ட் என்று குறியுங்கள்.

ஏற்றும் முன், ஆப்பர்ச்சூனிட்டி அப்டேட் ஆனால் ஓடும் ஃப்ளோக்கள் என்னென்ன என்று பார்த்துவிடுங்கள். "உங்கள் கொட்டேஷன் மாற்றப்பட்டுள்ளது" என்று வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பும் ஃப்ளோ ஒன்று எங்காவது ஒளிந்திருக்கும். அதன் தொடக்க நிபந்தனையில் "இந்தக் கஸ்டம் பெர்மிஷன் இருந்தால் ஓடாதே" என்று சேர்த்து, ஏற்றும் யூசர் ஐடிக்கு மட்டும் அந்தப் பெர்மிஷனைக் கொடுத்தால் அந்த நேரத்துக்கு அது சும்மா இருக்கும். லாஸ்ட் மாடிஃபைட் தேதி எல்லாவற்றிலும் அன்றைய தேதியாகிவிடும், அதை வைத்து டாஷ்போர்டு பார்க்கிறவர்களிடம் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.


நொய்யல்கரை · புதன், காலை 10:05

அக்கா, புதையல் என்று சரியாகத்தான் சொன்னீர்கள். சாண்ட்பாக்ஸில் ஏற்றிப் பார்த்தேன். பெரும்பாலும் போய்விட்டது. சில வரிசைகளில் ஒரே ஐடி இரண்டு முறை இருக்கிறது என்று எரர். ஊர்ப் பெயர் ஃபீல்டு முழுக்கக் கேள்விக்குறியாக வந்திருக்கிறது. ஊர்ப் பெயர்களைத் தமிழில்தான் தட்டச்சு செய்வார்கள். சில பெயர்களுக்கு நீளம் அதிகம் என்று வேறு சொல்கிறது, எட்டு எழுத்துப் பெயருக்குப் போய்.


நள்ளிரவு_லோடர் · புதன், பிற்பகல் 1:20

ஒரே ஐடி இரண்டு முறை வருவது, இரண்டு லீடை ஒரே ஆப்பர்ச்சூனிட்டியில் சேர்த்து கன்வர்ட் செய்திருப்பதால். அண்ணன் ஒரு முறை, தம்பி ஒரு முறை போன் செய்திருப்பார்கள், போர் ஒன்றுதான். எது பிந்தியதோ அதை வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள். கன்வர்ட் செய்யும்போது ஆப்பர்ச்சூனிட்டி வேண்டாம் என்று டிக் போட்டவற்றில் அந்த ஐடி காலியாக இருக்கும், அவற்றையும் எடுத்துவிடுங்கள்.

கேள்விக்குறிக்கு மருந்து டேட்டா லோடர் செட்டிங்ஸில் இருக்கிறது. சிஎஸ்வியைப் படிக்கும்போதும் எழுதும்போதும் யுடிஎஃப்-8 என்று இரண்டு டிக் உண்டு, இரண்டையும் போடுங்கள். எக்செலில் சேமிக்கும்போதும் சிஎஸ்வி யுடிஎஃப்-8 என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள், வெறும் சிஎஸ்வி வேண்டாம்.

நீளம்: நமக்கு "பொள்ளாச்சி" ஐந்து எழுத்து. கம்ப்யூட்டர் ப, ஒகரக் குறி, ள, புள்ளி என்று ஒவ்வொன்றாக எண்ணும், அதற்கு அது 10. "மேட்டுப்பாளையம்" நமக்கு எட்டு, அதற்கு 15. ஃபீல்டு நீளம் என்ன வைத்தீர்கள்?


நொய்யல்கரை · புதன், பிற்பகல் 1:32

12. "ஊர்ப் பெயருக்கு இது போதும்" என்று டிசைன் டாக்குமென்டில் எழுதியிருக்கிறது 😀


நள்ளிரவு_லோடர் · புதன், பிற்பகல் 1:40

80 ஆக்குங்கள். இரண்டு பக்கமும்.


டைனமிக்ஸ்வாசி · புதன், மாலை 5:00

சேல்ஸ்ஃபோர்ஸ் இல்லாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. மைக்ரோசாஃப்டின் டைனமிக்ஸ் 365-இல் இதே வேலைக்கு இரண்டு டேபிளுக்கு இடையே உள்ள ரிலேஷன்ஷிப்பில் காலம் மேப்பிங் என்று ஒன்று உண்டு. டைப்பும் ஃபார்மட்டும் ஒன்றாக இருக்க வேண்டும், போய்ச்சேரும் காலம் நீளத்தில் குறையக்கூடாது, அது ஏற்கனவே வேறு காலத்தோடு மேப் ஆகியிருக்கக் கூடாது. தாய் ரெக்கார்டில் இருந்து புது ரெக்கார்டு உருவாக்கும் அந்தக் கணத்தில் மட்டும் மதிப்பு வரும். பிறகு தாயில் மாற்றினால் பிள்ளைக்குத் தெரியாது. கணக்குப்பிள்ளை சாருக்குப் பிடித்த நடத்தை.


புதுசு · புதன், மாலை 6:15

ஜோஹோ சிஆர்எம்மில் எப்படி? எங்கள் ஆபீஸில் அதுதான்.


செமிகோலன் · புதன், மாலை 6:50

அங்கேயும் லீட் கன்வர்ஷன் மேப்பிங் இருக்கிறது. செட்டப்பில் மாட்யூல்ஸ் அண்ட் ஃபீல்ட்ஸ் போய் லீட்ஸ் பக்கத்தில் தேடுங்கள். அக்கவுண்ட்ஸ், காண்டாக்ட்ஸ், டீல்ஸ் மூன்றுக்கும் மேப் செய்யலாம். அதற்கு வெளியே ஒரு மாட்யூலில் இருந்து இன்னொன்றுக்கு எடுத்துப்போக, ஒர்க்ஃப்ளோ ரூலில் கஸ்டம் ஃபங்ஷன் வைத்து டெலூஜ் மொழியில் எழுத வேண்டும். ரெக்கார்டை ஐடி வைத்து எடுப்பது ஒரு வரி, மேப்பில் மதிப்பைப் போடுவது சில வரி, அப்டேட் ஒரு வரி. லேபிளை வைத்து எழுதாதீர்கள், ஏபிஐ பெயர்தான் வேலை செய்யும்.


நொய்யல்கரை · வெள்ளி, மாலை 4:30

லைவில் ஏற்றியாயிற்று. நாற்பது சொச்சத்தில் ஆப்பர்ச்சூனிட்டிக்குப் போனது ஆழம், தண்ணீர் மட்டம், ஹெச்பி, ஃபேஸ், ஊர், ஏற்கனவே இருக்கும் மோட்டார் எந்தக் கம்பெனி என்ற ஆறுதான். அக்கவுண்டுக்கு ஜிஎஸ்டி எண்ணும் டீலர் கோடும். மற்றவை லீடிலேயே.

மதியம் ஒரு சேல்ஸ் ஆள் போன் செய்து "எல்லாம் காலியாகத்தான் இருக்கிறது" என்றார். என் திரையில் எல்லாம் நிரம்பியிருக்கிறது. செமிகோலன் திங்கட்கிழமை சொன்னதுதான்: பெர்மிஷன் செட்டை அனுப்பியிருந்தோம், டீலர் சேல்ஸ் ஆட்களுக்கு அதை அசைன் செய்யவில்லை. கொடுத்ததும் தெரிந்துவிட்டது.

கடைசியாக ஒன்று. எங்கள் டீலர் போர்ட்டலில் இருந்து வரும் லீடுகளை அபெக்ஸ் (சேல்ஸ்ஃபோர்ஸின் நிரல் மொழி) கோடு ஒன்று தானாக கன்வர்ட் செய்கிறது. அதற்கும் இந்த மேப்பிங் பொருந்துமா, இல்லை கோடிலும் எழுத வேண்டுமா?


செமிகோலன் · வெள்ளி, மாலை 5:05

லீட் கன்வர்ட் மெத்தடைக் கூப்பிட்டுச் செய்தால் இதே மேப்பிங்தான் ஓடும், கோடில் தனியாக எழுத வேண்டாம். அந்தக் கோடை ஒரு முறை திறந்து பாருங்கள். முந்தைய கன்சல்டன்ட் மேப்பிங் தெரியாமல், கன்வர்ட் ஆன பிறகு ஆப்பர்ச்சூனிட்டியில் கையால் மதிப்பு போடும் வரிகளை எழுதியிருந்தால் அவை உங்கள் மேப்பிங்கின் மேல் எழுதிவிடும். அப்படி இருந்தால் அந்த வரிகளைத் தூக்கிவிட்டு டெஸ்ட் கிளாஸை ஓட்டுங்கள். மேப்பிங்கை அடுத்த சாண்ட்பாக்ஸுக்குக் கொண்டுபோக லீட் கன்வர்ட் செட்டிங்ஸ் என்ற மெட்டாடேட்டாவை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், எந்த ஃபீல்டு எங்கே போகிறது என்பது முழுக்க அதில் இருக்கும்.